கருப்புப் பாவுக்கு ஒரு பேட்டரி

பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்குடோனில் லுங்கித் தறி ஓட்டுகிறேன். தறியில் நெடுக ஓடும் நூல்தான் பாவு. கருப்புப் பாவு வந்தால் என் தறியில்தான் ஏறும். வெள்ளையை யாரும் ஓட்டலாம். கருப்பில் ஒரு இழை அறுந்தால் கண்ணுக்குச் சிக்காது. கவனிக்காமல் விட்டால் துணி நெடுகக் கோடு விழும்.

போன வருஷம் எனக்குக் கோடு விழ ஆரம்பித்தது. மொதலாளி என்னைவிடச் சின்னவர். துணியை மேசையில் விரித்துக் காட்டினார்.

"அக்கா, உங்களுக்குக் கண்ணு போச்சுங்க. இந்தப் பாவு முடிஞ்சதும் தார் சுத்தப் போயிருங்க."

தார் சுத்துவது என்றால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுவது. தறிக்கு வருமுன் அந்த வேலைதான் பார்த்தேன். திரும்பிப் போக இஷ்டமில்லை.

"போவ மாட்டனுங்க."

அவர் சிரித்தார்.

வீட்டில் ஒரு எல்இடி பேட்டரி கிடந்தது. எங்கள் பக்கம் டார்ச்சுக்குப் பேட்டரி என்றுதான் பேர். உள்ளே போடுவது கட்டை. அடித்துப் பார்த்தேன். கருப்புக்கு அந்த வெளிச்சம் பத்தவில்லை. அந்தக் காலத்துப் பேட்டரியில் கட்டை கூடினால் வெளிச்சம் கூடும். அதே நினைப்பில் இதற்கும் ஒரு கட்டை கூடச் சேர்த்து ஒயர் கொடுத்தேன். ஒரு மின்னு மின்னிச் செத்துப்போனது.

செல்போன் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன்.

"கட்டையக் கூட்டறது பழைய பல்புக்குங்க. எல்இடி தாங்காது, கருகிரும். பெருசா ஒண்ணு மாத்தி, அதுக்குத் தக்கன போர்டு போடணும். சூடு எறங்க அடியில அலுமினியம் வேணும். இத்தன வெளிச்சம் எதுக்குங்க, மொசல் வேட்டைக்கா?"

"இழை வேட்டைக்கு."

ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டியில் ஒரு துண்டு வெட்டினேன். கல்லில் தேய்த்துத் தட்டையாக்கிக் கொடுத்தேன். அவர் எல்இடியை அதன்மேல் ஒட்டிப் பற்றவைத்தார். அடித்தால் எதிர்க்கடைச் சுவரே வெளுத்தது.

மறுநாள் அதைத் துணிக்கரையால் நெற்றியில் கட்டிக்கொண்டு தறியில் நின்றேன். பக்கத்துத் தறிக்காரி விடவில்லை.

"ஏனக்கா, பட்டப்பகல்ல பேட்டரி அடிச்சு யாரத் தேடற?"

"உன் புத்தியத்தான். அகப்படல."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இழைகள் நுழைந்து வரும் அச்சுக் கம்பி பளபளத்துக் கண்ணைக் குத்தியது. கருப்பு கருப்பாகவே இருந்தது. மொதலாளி அந்தப் பக்கம் வந்தார்.

"தார் ரூம்ல எடம் போட்டாச்சுங்கக்கா."

துணிக்கரையை அவிழ்த்துப் பேட்டரியைத் தறிக்கு அடியில் வீசினேன். அணைக்கவில்லை. வெளிச்சம் கீழிருந்து பாவுக்குள் ஏறியது. எல்லா இடத்திலும் மங்கலாகக் கசிந்தது. ஒரு இடத்தில் மட்டும் வெள்ளைக் கம்பி மாதிரி நின்றது.

இழை இல்லாத இடம் அது. இத்தனை நாளும் இழையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இடம் தெரிந்தால் போதும். முடிச்சுப் போட்டுக் கோக்க விரலுக்குத் தெரியும். பேட்டரியைப் பாவுக்கு அடியிலேயே கட்டினேன்.

பாவு முடிந்தது. மொதலாளி துணியை மேசையில் விரித்தார். கோடு தேடினார். திருப்பிப் போட்டும் தேடினார்.

"தார் ரூமுக்கு வேற ஆளப் பாருங்க," என்றேன்.

"சரிங்க. இருந்தாலும் கண்ணாஸ்பத்திரிக்கு ஒருக்காப் போயிட்டு வாங்கக்கா."

"போலாமுங்க. மொதல்ல அடுத்த கருப்பை ஏத்தச் சொல்லுங்க."