மைக்கம்மா சேர்த்த ஒரு வரி

கடற்கரைப் பூங்காவில் அவளை மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வழிதவறி வந்த பிள்ளைகளைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் வேலை. வயது, சட்டை நிறம் எல்லாம் சொல்லிவிட்டு, யாரும் கேட்காத ஒரு வரியைத் தன் பங்குக்குச் சேர்ப்பாள்: "பெத்த பிள்ளையப் பாத்துக்க முடியலன்னா வீட்டுலயே இருந்திருக்கலாமே." கரையே சிரிக்குது என்று காவலர்கள் சொன்னால் அவளுக்குத் தலைகால் புரியாது. அவள் லீவு போட்டால் மைக்கில் உட்காரும் புதுப் பெண்ணும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றும் லீவுதான். கணவன், ஐந்து வயது மகள், நாத்தனார் என்று குடும்பத்தோடு அதே கரைக்கு வந்திருந்தாள். வந்ததுமே மகளுக்குச் சட்டம் போட்டாள். சிவப்புக் கொடியைத் தாண்டக் கூடாது. தொலைந்தால் நேராக மைக் ரூம். தெரியாதவர்களிடம் பெயர் சொல்லக் கூடாது.

சற்றுத் தள்ளி ஒருத்தி போனில் மூழ்கியிருக்க, அவள் மகன் தனியாக அலையில் ஆடிக்கொண்டிருந்தான்.

"பாருங்க அண்ணி, இதெல்லாம் எதுக்குப் பிள்ளை பெத்துக்குது?" என்று நாத்தனாரிடம் ஆரம்பித்தாள் மைக்கம்மா.

பேச்சு வளர்ந்தது. ஊரிலுள்ள அம்மாக்களையெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால், மணலில் வாளி மட்டும் கிடந்தது.

"பாப்பா உங்ககூடத்தானே இருந்தா?"

"உங்கூட இருக்கான்னுல்ல நெனச்சேன்," என்றான் கணவன்.

அவள் கண் கடலுக்குத்தான் ஓடியது. அலையில் தெரிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் மகள் இல்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "மஞ்சள் கவுன், ரெட்டைச் சடை. அஞ்சு வயசு இருக்கும். பேரு சொல்ல மாட்டேங்குது." போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே அந்த வரியும் வந்தது.

கரை சிரித்தது. கண்ணாடி அறைக்குள் அந்தச் சிரிப்பு ஒருநாளும் கேட்டதில்லை. மணலில் கால் புதைய அதன் நடுவே ஓடினாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போன்காரி மகனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

வாசலில் அவளைக் கண்டதும் புதுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் பேரே சொல்லலம்மா. இந்த அக்கா உன்ன மாதிரியே பேசுனாங்க. யாரத் திட்டுனாங்கம்மா?"

அவள் மகளைத் தூக்கிக்கொண்டாள். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை.

"என்னத்தான்டா," என்றாள்.