கச்சேரி மேட்டில் குடியிருந்த தாசில்தார்

எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடிக்கும் சத்தம். அந்தத் தாசில்தாரை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அதுதான். அவர் எங்கள் தாலுகாவில் பொறுப்பேற்ற புதிது. ஆபீஸ் முடிந்து எல்லாரும் மலை இறங்கிப் போய்விட்டார்கள். நானும் பியூன் அண்ணனும் மட்டும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. சத்தம் வந்த பக்கம் ஓடிப் பார்த்தால், தாசில்தார் குவார்ட்டர்ஸின் தண்ணீர்த் தொட்டியருகே ஓர் ஒற்றை யானை. வாசற்படியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டும் கரண்டியுமாக அவர். நாங்கள் கத்திய கத்தலுக்காகவோ, தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனதாலோ, யானை திரும்பி யூகலிப்டஸ் சரிவில் இறங்கிப் போயிற்று. அவர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டார். "ஆனை மேல ஒண்ணும் குத்தமில்லீங்க கண்ணு. நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு நேரத்தோட கிளம்பியிருந்தா, நான் கூப்பிட்டது யார் காதுலயும் உழுந்திருக்காது. அதை நெனச்சாத்தான் பயமா இருக்குது" என்றார்.

ஊரின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். இன்னும் அங்கேதான் கிளார்க்காக வேலை பார்க்கிறேன். கேரளத்து மலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பஜாருக்கு மேலே தனியாக ஒரு மேடு. கச்சேரி மேடு என்று பெயர்; கச்சேரி என்றால் சர்க்கார் ஆபீஸ். தாலுகா ஆபீஸ், டிரஷரி, சர்வே ஆபீஸ், மராமத்து ஆபீஸ், கோர்ட்டு எல்லாம் அங்கே ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல நிற்கும். பகலில் கூட்டம் அள்ளும். தோட்டத்து ஆட்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, மழையில் பிளாஸ்டிக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒரு டீ குடிக்க வேண்டுமென்றாலும் பஜாருக்கு இறங்கி ஏற வேண்டும். சாயங்காலம் கடைசி ஜீப் போனதும் மேடு செத்துப்போகும். ஊழியர்களுக்கென்று கட்டிய குவார்ட்டர்ஸ் வரிசைகளில் ஓடு சரிந்து, உள்ளே புல் முளைத்துக் கிடந்தது. எல்லாரும் பஜாரிலோ, கீழே அடிமாலியிலோ வாடகைக்கு இருந்தார்கள். இதற்கு முன்னால் வந்த தாசில்தார்களும் அப்படித்தான். இவர் மட்டும் அரசு கொடுத்த வீட்டில்தான் இருப்பேன் என்று பிடிவாதமாக வந்து உட்கார்ந்தார்.

அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வடகரப்பதிப் பக்கம். கோயமுத்தூர்க்காரர்களைப் போல வீட்டை 'ஊடு' என்பார். முதலில் எங்கள் ஆபீஸில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப்போனார்கள், ஏனென்றால் அவர் வாயைத் திறந்தால் ஊட்டைப் பற்றித்தான் பேசினார். அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்திருந்தது. தனித்தனியாக இருக்கும் ஆபீஸ்களை ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவருவது. மிச்சமாகும் இடத்தில் குடியிருப்பு, கடை, நூலகம் என்று கட்டி, அலுவலக வட்டாரத்தை ஆள் நடமாட்டமுள்ள ஊராக மாற்றுவது. இப்படி வருகிற திட்டங்களில் பெரும்பாலானவற்றை யாரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை. தாசில்தார் படித்தார். கீழே கடை, மேலே வீடு. வீடுகளில் பாதி ஊழியர்களுக்கு. பாதி, தோட்டத்தில் ரிட்டயர்டு ஆகி, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு. இந்த இரண்டாவது பாதி அவரே சேர்த்தது.

அது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்ட விஷயம். என் அம்மா அப்போது கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வீடு தங்கும். நான் ஒரே பெண், படித்து அரசு வேலைக்கு வந்துவிட்டேன். நானும் என் கணவரும் அவர் பெற்றோரோடு பஜாரில் ஒரு கடைக்குப் பின்னால் இருந்தோம். "மருமகன் வீட்ல வந்து ஒண்டிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்று அம்மா எப்போதோ முடிவாகச் சொல்லிவிட்டார்.

தாசில்தார் அம்மாவைத் தேடி லயத்துக்கே வந்தார். திட்டத்துக்காகப் பட்டணத்திலிருந்து வந்திருந்த ஆலோசகரையும் கூட்டிவந்தார். நல்ல பையன், மலையாளத்தில்தான் பேசுவான், கேட்டதைக் கவனமாகக் குறித்துக்கொள்வான். அம்மா அவர்களைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்: "கீழ கடைன்னு சொல்லுதீங்க மேடம். விடிஞ்சா அடைஞ்சா சத்தமா இருக்குமே?"

"இருக்கட்டுங்க. சத்தம் கேக்கோணும்ங்கறதுக்குத்தானே இத்தனை பாடும்."

"சமையலுக்கு விறகு அடுப்பு வச்சுக்கலாமா? எனக்கு கேஸ்ல ஆக்குனா சோறு ருசிக்காது."

அந்தப் பையன் அதையும் எழுதினான். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து வாசலில் நின்றுகொண்டார்கள். கோழி வளர்க்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். ஜெபக்கூட்டம் வைக்க இடம் உண்டா என்று இன்னொருத்தி. தாசில்தார் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் ஆகட்டும் என்றார். அவ்வளவுக்கு அவர் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்தவர்கள் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது.

கட்டடம் வரும்வரை அவரால் காத்திருக்க முடியவில்லை. மழை நின்றதும் சனிக்கிழமைகளில் தாலுகா ஆபீஸ் வராந்தாவையும் முற்றத்தையும் சந்தைக்குத் திறந்துவிட்டார். காந்தலூரிலிருந்து பூண்டும் கேரட்டும் ஜீப்பில் வந்தன. ஒரு தையல்காரர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சர்வே ஆபீஸ் படியில் உட்கார்ந்தார். என் அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டார். பட்டா விஷயமாக வந்த ஆட்கள் வேலை முடிந்தும் போகாமல் சுற்றினார்கள்; லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மேலே ஏறி வந்தார்கள். என் வாழ்நாளில் கச்சேரி மேட்டில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடியதை நான் பார்த்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான். தாசில்தார் ஒரு நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். யாராவது வணக்கம் சொன்னால், "ஏனுங்க, பஜ்ஜி சாப்ட்டீங்களா?" என்பார்.

அவரைப் புனிதராக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கோபம் வந்தால் அவருக்கு முன்பின் தெரியாது. சந்தையால் வண்டி நிறுத்த இடமில்லை என்று டிரஷரி அதிகாரி ஒரு சனிக்கிழமை தன் பக்கத்து கேட்டைப் பூட்டினார். தாசில்தார் போய் அத்தனை பேர் முன்னிலையில், "இது உங்க அப்பன் ஊட்டுக் கேட்டுங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட் திறந்தது. ஆனால் அன்றிலிருந்து டிரஷரியிலிருந்து கட்டடத் திட்டத்துக்கு எந்தச் சம்மதமும் வரவில்லை. மேட்டில் ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு இலாகாவுடையது. ஒருத்தர் முரண்டுபிடித்தால் போதும், அத்தனையும் நின்றுபோகும். நான் தயங்கித் தயங்கி, "மேடம், கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றேன். "நானும் ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சேன் கண்ணு" என்றார். ஆனால் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அவர் மேல் ஆற்றாமை இருக்கிறதென்றால் அந்த ஒன்றுக்காகத்தான்.

அடுத்த பொது மாறுதலில் அவரை வேறு ஜில்லாவுக்குப் போட்டார்கள். பழிவாங்கல் என்று சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றுமில்லை. முறை வந்தது, போட்டார்கள். அதுதான் அதிகம் எரிச்சலைத் தந்தது. யாராவது எதிரி இருந்திருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருக்கலாம். கிளம்புகிற அன்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எதை வெட்டுனாலும் வெட்டட்டும். கடையை வெட்டுனாக்கூடப் பரவால்லீங்க. ஊட்டை மட்டும் உட்றாதீங்க. ஊடு இருந்தா கடை தானா வரும்."

நான் ஒரு கிளார்க். விடுவதற்கும் பிடிப்பதற்கும் என் கையில் என்ன இருந்தது? அதன் பிறகு நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதோ ஒன்று குறைந்தது. முதலில் ரிட்டயர்டு தொழிலாளர் வீடுகள் 'இரண்டாம் கட்டத்துக்கு' நகர்ந்தன. நூலகம் வாசிப்பு மூலையாகச் சுருங்கி, பிறகு மூலையும் காணாமல் போனது. ஊழியர் வீடுகளுக்குத் தேவை இல்லை என்றார்கள். இருக்கிற குவார்ட்டர்ஸிலேயே யாரும் இல்லையே என்று அதற்கு ஒரு காரணம். ஓடு விழுந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒரு தடவை எழுந்து கேட்டேன். "அது பாலிசி மேட்டர்" என்று மிகவும் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். சனிக்கிழமைச் சந்தையைக் கட்டுமான வேலைக்காகத் 'தற்காலிகமாக' நிறுத்தினார்கள். திட்டத்தின் தலைப்பிலிருந்த 'உயிர்ப்புள்ள வட்டாரம்' என்ற சொல் மட்டும் கடைசிவரை வெட்டப்படாமல் இருந்தது. அந்த ஆலோசகப் பையனும் வேறு வேலைக்குப் போய்விட்டான். புதிதாக வந்தவர்களுக்கு லயம் என்றால் என்னவென்றே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அம்மா ரிட்டயர்டு ஆனார். தோட்டத்தில் கொஞ்சநாள் தவணை கொடுத்தார்கள். இரண்டாம் கட்டம் வரும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், நம்பித்தான் சொன்னேன். தவணை தீர்ந்ததும் மலைக்குக் கீழே போடியில், தூரத்துச் சொந்தக்காரர்களின் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொடுத்தேன். குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர் முதல் கோடையை ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கழித்தார். "சூடு பழகிரும். பேச ஆள் பழக நாளாகும் போல" என்றார் போனில்.

இப்போது கச்சேரி மேட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணாடி பதித்த ஆபீஸ் கட்டடம், பெரிய கார் நிறுத்தம், அதைத் தாண்டி இரண்டு மாடியில் இன்னொரு கட்டடம். கீழே கடைகள். வாரநாட்களில் பாதி ஷட்டர் திறப்பதில்லை. ஆபீஸ் கூட்டம் கலைந்த பிறகு யாருக்கு விற்பது? மேலே வீடுகள் வர வேண்டிய இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான அறைகள். சீசனில் நிரம்பும். மற்ற நாட்களில் மேடு பழையபடி செத்துப்போகும், என்ன, இப்போது நல்ல வெளிச்சத்தில்.

தாசில்தார் ரிட்டயர்டு ஆகி வடகரப்பதியில் இருக்கிறார். போன மாதம் திடீரென்று கூப்பிட்டு, கட்டி முடித்ததை வந்து பார்க்கப்போகிறேன் என்றார். "உங்கம்மாவையும் வரச் சொல்லுங்க. அந்தக் கடைக்கு மேல மாடியில ஒரு ரூம் போட்டிருக்கறேன். நானும் அவங்களும் தங்கறோம்." எனக்கு வேண்டாமென்று தோன்றியது. ஆனால் அம்மா மறுபேச்சில்லாமல் போடியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகும் முன் அறைக்குப் போனேன். இருவரும் பால்கனியில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தாருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. அம்மா தன் வழக்கப்படி விடிந்ததும் குளித்து, கட்டியிருந்த சேலையை அலசி, பால்கனிக் கம்பியில் நீளமாக விரித்துப் போட்டிருந்தார். அடுத்தடுத்த பால்கனிகளெல்லாம் காலியாக இருக்க, அந்த ஒரு மஞ்சள் சேலை மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ நன்றாக இருந்தது. கொஞ்சநேரத்தில் சீருடை போட்ட ஒரு பையன் கதவைத் தட்டினான்.

"அம்மா, வெளிய தெரியிற மாதிரி துணி காயப்போடக் கூடாது. கெஸ்ட் யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க."

"வீடுன்னா துணி காயத்தான தம்பி செய்யும்" என்றார் அம்மா.

"இது வீடு இல்லம்மா" என்றான் அவன். திமிராகச் சொல்லவில்லை, தெரியாதவருக்கு விளக்குவதுபோலச் சொன்னான்.

தாசில்தார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். டிரஷரி கேட்டுக்கு முன்னால் நின்ற அதே முகம். உண்மையைச் சொன்னால், இந்தத் தடவை அவர் கத்த வேண்டுமென்று விரும்பினேன். ஆனால் அவர் அந்தப் பையனைப் பார்த்தபடியே நின்றார். யாரைத் திட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை. மெதுவாகத் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா எழுந்துபோய்ச் சேலையை எடுத்தார். நீர் சொட்டச் சொட்ட முறுக்கிப் பிழிந்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் வைத்தார். "விடுங்க மேடம்" என்று தாசில்தாரின் தோளைத் தொட்டார். "போடியில கொண்டு போய் விரிச்சா நிமிசத்துல காஞ்சிரும்."