சாயங்கால முகூர்த்தம்

பெரிய காஞ்சிபுரத்தில் நான் வேலை செய்கிற பட்டுக்கடைக்கு ஒரு நாள் ஒரு அக்கா வந்தார், கண்ணுங்களா. கதவை அடைக்கிற தோள், காதோரம் மல்லிகைச் சரம். எதற்கும் பதில் சொல்லுமுன் கழுத்தை இரண்டு பக்கமும் சுழற்றுவார். நெட்டி முறியும் சத்தம் எனக்கே கேட்கும்.

சிவப்புப் பட்டைக் கையில் எடுத்ததும் வழக்கம்போலக் கேட்டேன்: “முகூர்த்தம் எப்போம்மா?”

“ஞாயித்துக்கிழமை சாய்ங்காலம்ணா.”

சாயங்காலத்தில் முகூர்த்தமா! “எதிர் பார்ட்டி எந்த ஊரும்மா?”

“மதுரை. போன தபா என்னைத் தூக்கிக் கீழ போட்டுட்டா. இந்த தபா நான் போட்ருவேன்!”

என் கையிலிருந்த புடவை நழுவியது. அவர் மல்யுத்த வீராங்கனை என்பது அப்புறம்தான் புரிந்தது. இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

“எங்க தாத்தா, அப்பா எல்லாம் குஸ்திதாண்ணா. ஆனா எப்பவும் மொத ஆட்டம்தான். ஜனம் வந்து உக்காந்துக்கினு இருக்கும்போதே முடிஞ்சிடும். எங்க வூட்ல நான்தான் மொத மொத பட்டத்துக்கு ஆடப்போறேன். அதான் பட்டு போத்திக்கினு மேடை ஏறலாம்னு.”

“ஜெயிச்சிடுவியாம்மா?”

“உங்க வெயிட்டு இன்னாண்ணா?”

வாயைத் திறக்குமுன் அவர் தோள்மேல் இருந்தேன்! கடையே கைதட்டியது. “யம்மா, பாத்தும்மா, சீசன் டைம்!” என்று முதலாளி அலறினார்.

திங்கட்கிழமை கடைக்கு போன் வந்தது. “ஜெயிச்சிட்டேண்ணா! அதே செவப்புல இன்னொண்ணு எடுத்து வையுங்க. மதுரைக்காரிக்கு என் புடவை மேலயே கண்ணு.”

தோற்றவருக்குப் பட்டு எடுத்துக் கொடுக்கிற அந்தக் குஸ்தி என்ன குஸ்தியோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.