கேமராவுக்குப் பின்னால் போன அக்கா

ஆள் உயர ஜன்னலுக்குப் பக்கத்தில் என் அக்கா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, காகிதப்பூக் கொடி ஏறிய ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் கூடம் அது. படப்பிடிப்புக்காக உள்ளே மெல்லிய புகையைப் பரவவிட்டிருந்தார்கள். அந்தப் புகைக்குள் வெளிச்சம் பாலைப் போல இறங்கி அவள் தோளில் தங்கியது. பதினைந்து வயதில் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். காலையில் சீப்புக்காக என்னோடு சண்டை போட்டவள் இவள்தானா என்று சந்தேகமாக இருந்தது.  கடல் மட்டும் தூரத்தில் யாரோ தூங்குவதைப் போல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

அக்கா நடிக்க வந்தவள் அல்ல. துணிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். படத்துக்குப் புடவை எடுக்க வந்த தயாரிப்பு நிர்வாகி, அவளுடைய உயரமும் நிறமும் கதாநாயகியைப் போலவே இருப்பதைக் கவனித்துவிட்டார். ஒரு காட்சிக்கு விளக்கு வைக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் கதாநாயகி நிற்க மாட்டார். அவர் இடத்தில் ஒருத்தி நிற்க வேண்டும், அவர் வந்ததும் விலகிவிட வேண்டும். மூன்று வாரம் அதுதான் வேலை என்றார். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்த அம்மா, நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், கோடை விடுமுறையில் இருந்த என்னையும் கூடவே அனுப்பினாள்.

அக்கா நின்றாள். திரும்பச் சொன்னால் திரும்பினாள். முதல் சில நாட்கள் அவள் எதையோ கனவு காண்பதைப் போலத் தெரிந்தது. உண்மையில் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு ஐந்தாம் நாள்தான் புரிந்தது. ஒளிப்பதிவாளர் அதிகம் பேசாதவர். அன்று ஒரு காட்சி அவருக்குப் பிடிபடவில்லை. விளக்கை மாற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். திரையில் முகம் நோயாளியின் முகம் போலவே இருந்தது. அக்கா நின்ற இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னாள்.

"சார், விளக்குல ஒண்ணும் இல்ல. எதிர் சுவத்தோட மஞ்சள் என் கன்னத்துல விழுது."

அவர் சுவரைப் பார்த்தார். வெயில் ஏறியிருந்த அந்த மஞ்சள் சுவர் தானே ஒரு விளக்கைப் போல எரிந்துகொண்டிருந்தது. ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவந்து அதன் மேல் தொங்கவிடச் சொன்னார். முகம் முகமாயிற்று. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"கன்னத்துல சூடு வேற மாதிரி இருந்துச்சு சார்" என்றாள் அக்கா.

படப்பிடிப்பு முடியும் நேரத்தில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, தன் அடுத்த படத்தில் கதாநாயகியின் தங்கையாக நடிக்க முடியுமா என்று கேட்டார். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பூக்கட்டிக்கொண்டே, "நடிக்கறதுன்னா நடி. மரியாதையா நடந்துக்க" என்றாள். அன்று மத்தியானத்துக்குள் பூக்கடை வரிசை முழுக்கச் செய்தி போய்விட்டது. மீன்கடைப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்காதான் மாட்டேன் என்றாள். அந்த ஒளிப்பதிவாளரிடம் உதவியாளராகச் சேரப்போவதாகச் சொன்னாள்.

அம்மா கையிலிருந்த பூ கட்டும் நாரைக் கீழே வைத்தாள். "நடிக்கறேன்னா நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம். பொட்டி தூக்கறேன்னா யாருகிட்டடி சொல்றது?"

"நான் அங்க நிக்கறப்ப எல்லாரும் என்னத்தான் பாக்குறாங்கம்மா. எனக்கு அவங்க பாக்குறதப் பாக்கணும்."

அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்கும் அன்று புரிந்ததாகச் சொல்ல முடியாது. ஒளிப்பதிவாளருக்கும் தயக்கம் இருந்தது; பெண்களை உதவியாளராக வைத்துக்கொண்டதில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை அவள் சென்னைக்கே போய் அவர் அலுவலக வாசலில் நின்றாள். நிற்பதில்தான் அவளுக்குப் பழக்கம் இருந்ததே.

அதற்குப் பின் வந்த வருடங்கள் எனக்கு அக்காவின் கைகளாகத்தான் நினைவிருக்கின்றன. பொங்கலுக்கு வருவாள், உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். லென்ஸ் பெட்டிகளைத் தூக்கினாள், பிறகு அவற்றைத் துடைத்தாள், அதன் பிறகுதான் கேமராவில் மாட்டினாள். ஒவ்வொரு படியும் இரண்டு மூன்று வருடம் எடுத்தது. அந்த இயக்குநரின் படத்தில் தங்கையாக நடித்த வேறொரு பெண் பெயரெடுத்து, விளம்பரங்களில் வந்து, பிறகு காணாமலும் போனாள். அம்மா அந்தப் பெண்ணின் ஒவ்வொரு படத்தையும் பார்த்தாள். எதுவும் சொல்லமாட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மௌனத்தை நான்தான் சுமந்து வருவேன்.

அக்கா வேலை செய்த ஒரு படத்துக்கு அம்மாவை அழைத்துப்போனேன். முடிந்ததும் அக்காவின் பெயரைக் காட்ட, எழ விடாமல் பிடித்து உட்காரவைத்தேன். பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. முன்னால் இருந்தவர்கள் எழுந்து மறைத்தார்கள்.

"எங்கடி?"

"போயிடுச்சும்மா."

போன வருடம் அக்கா தனியாக ஒளிப்பதிவு செய்த முதல் படம் வந்தது. சின்னப் படம்; புதுச்சேரியில் ஒரு வாரம் ஓடியது. அம்மா வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு, எல்லாம் பொகையா தெரியுது" என்றாள். அதைக் கேட்ட அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. அது படத்தின் குற்றமல்ல, அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது என்பது சில மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கண்ணாக அறுவை சிகிச்சை நடந்தது. கடைசிப் பரிசோதனை நாளன்று அக்கா படப்பிடிப்பிலிருந்து நேராக வந்துவிட்டாள். கண் தெளிவாக இருக்கிறது, இனி எதை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்து மருந்துக்காகச் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தோம். அம்மா மரத்தை, ஆட்டோவை, தன் உள்ளங்கையை எல்லாம் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆகாசம் இவ்ளோ நீலமாடி?" என்று என்னைக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "அந்தப் படத்த எடு" என்றாள்.

என் போனில் வைத்துக் கொடுத்தேன். அக்கா எழுந்து போய்த் தூணில் சாய்ந்துகொண்டு எங்கோ பார்த்தாள். படத்தில் ஒரு பூச்சந்தை வரும். அம்மா திடீரென்று போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். திரும்ப அந்த இடத்தையே போடச் சொன்னாள். கூடையில் குவிந்த மல்லிகை, அதன் மேல் ஒரு பக்கமாக விழும் வெளிச்சம், ஈரச் சாக்கு. நாற்பது வருடம் மல்லிகையைப் பார்த்த கண்கள் அவை. மூன்று முறை பார்த்தாள்.

"மல்லியோட வெள்ளை சரியா இருக்கு" என்றாள். "காலைல ஆறு மணிக்கு இப்படித்தான் இருக்கும்."

அக்கா உடனே திரும்பவில்லை. தூணிலிருந்து முதுகை எடுத்தவள், வந்து அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். 

"ஆறு இல்லம்மா. ஆறே கால்."

"போடி. ஆறே காலுக்கு வெயில் சாக்கு மேல வந்துடும். நான் பாக்காததா?"

"அந்தச் சாக்க நான் தள்ளிவச்சேன்மா."

"எதுக்குத் தள்ளிவச்ச?"

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அம்மா குறுக்கே குறுக்கே கேட்டாள். மருந்துக்கு எங்கள் சீட்டு எண்ணைக் கூப்பிட்டார்கள். இருவர் காதிலும் அது விழவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.