உகுலேலே வயிற்றுக்குள் ஒரு காது

பலகைமேல் எறும்பு நடக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். வாத்தியத்துக்குப் பிக்கப் வைத்து, அதன் சத்தத்தை ஸ்பீக்கர் பெட்டி வழியாகப் பெரிதாக்குகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் எதைத்தான் கேட்கமாட்டாள். அடுப்பில் ஒரு கண்ணும் தொட்டிலில் ஒரு கண்ணுமாகக் கைவேலை பார்க்கிற சகோதரிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ஊக்கு சொன்ன சேதி

மர்பி டவுனில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. என் வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் பார்ப்பார், கிட்டாருக்குப் பிக்கப்பும் வைத்துக் கொடுப்பார். அந்தப் பிக்கப்புக்குள் இருக்கிற காந்தத்தின்மேல் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றுவது என் வேலை. தையல் மிஷின் சக்கரத்தில் மாட்டிச் சுற்றுவேன். பாப்பா அழுதால் எண்ணிக்கை போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு நாள் ஆல்பர்ட் அண்ணன் உகுலேலேயோடு வந்தார். கைக்குழந்தை அளவில் ஒரு கிட்டார், நாலே தந்தி. பதினோரு வருஷமாக ஒரே பாண்டில் வாசிக்கிறவர். டிரம்முக்கும் சாக்ஸபோனுக்கும் நடுவில் இவர் வாசிப்பது யாருக்கும் கேட்பதில்லை. வருகிற சனிக்கிழமைக் கல்யாணப் பார்ட்டியிலும் கேட்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று, சாக்ஸபோன் ஊதுகிற பாண்டு மாஸ்டர் சொல்லிவிட்டாராம். கிட்டாருக்கு வைப்பதுபோலவே இதற்கும் வைத்தோம். பெட்டி வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் பெட்டிக்குள் இருக்கிற வால்வை மாற்றினார், வயரை மாற்றினார், என்னைத் திரும்பவும் கம்பி சுற்றச் சொன்னார். மூன்று நாள் ஓடிப்போனது. அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தபோது, நான் என்னதான் கோளாறு என்று குனிந்தேன். வளையலில் தொங்கிய ஊக்கு டக்கென்று பிக்கப்பில் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் உறைத்தது. கிட்டாரில் இருப்பது இரும்புத் தந்தி, இதில் இருப்பது ஆட்டு நரம்பு. காந்தம் இரும்பு ஆடினால்தான் கண்டுகொள்ளும். அண்ணன் கோபிக்கவில்லை. “அப்போ மூணு நாளா இது என் தந்தி பக்கம் திரும்பியே பார்க்கலை, அப்படித்தானே சிஸ்டர்?” என்றார்.

பாப்பா மூச்சு

ரெக்கார்டு பிளேயர் முள்ளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கிரிஸ்டல் இருக்கும். அதற்கு இரும்பு வேண்டாம், நடுக்கம் போதும். எங்கள் வீட்டுப் பிளேயரிலிருந்தே அதை என் வீட்டுக்காரர் கழற்றினார். தந்திகளைத் தாங்குகிற கட்டைக்கு நேர் கீழே, உள்பக்கமாக ஒட்டவேண்டும். உகுலேலே வயிற்றில் இருக்கிற வட்ட ஓட்டைக்குள் அவர் கை போகவில்லை. நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று விரலை விட்டு ஒட்டினேன். செம்புக்குள் விட்டு அடியைத் தேய்த்துப் பழகிய விரல்கள்தானே.

பசை காய்ந்ததும் உகுலேலேயைப் பாயில் கிடத்திவிட்டுப் பெட்டியைப் போட்டோம். தந்தியை யாரும் தொடவில்லை. ஆனாலும் அலை வந்து வந்து போவதுபோல ஒரு சத்தம் அறை முழுக்க நிறைந்தது. திரும்பிப் பார்த்தால், தவழ்ந்து வந்த பாப்பா மரத்தின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள். நான் பெற்ற பிள்ளையின் மூச்சுக்குள் இத்தனை பெரிய சத்தமா என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெட்டியை அணைக்கப் போனவர் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். “எந்தெந்த ஊர் ஸ்டேஷனோ கேட்டிருக்கேன் சரசு, நம்ம பிள்ளையை இப்பத்தான் கேக்கிறேன்.”

மடித்து வைத்த துணி

சத்தத்தைக் கூட்டினால் இன்னொரு வம்பு. பெட்டியில் வருகிற சத்தத்தையே வாத்தியம் திரும்ப வாங்கிப் பெட்டிக்கு அனுப்ப, ஒரே ஊளை. தெரு நாய்கள் எல்லாம் பதில் கொடுத்தன. பாப்பாவுக்கு மடித்து வைத்திருந்த துணியில் ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் திணித்தேன். ஊளை அடங்கியது. அதற்குள் பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்கா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். “ஏம்மா சரசு, பட்டப்பகல்ல யாரைப் போட்டு அறுக்கிறீங்க?”

மூன்று பித்தான்

சனிக்கிழமை சாயங்காலம், அல்சூரில் ஒரு மண்டபம். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். முதல் பாட்டிலேயே மண்டபம் முழுக்கக் கர்ர் கர்ர் என்று ஒரு சுரண்டல். பாண்டு மாஸ்டர் ஊதிக்கொண்டே ஆல்பர்ட் அண்ணனை முறைத்தார். பதினோரு வருஷ இடம் என் பசையால் போகிறதோ? கிட்டே போய் உற்றுப் பார்த்தேன். பார்ட்டிக்கென்று அண்ணன் போட்டுவந்த கோட்டின் பித்தளைப் பித்தான்கள் உகுலேலே மரத்தில் உரசிக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்ததும் மேடையேறி, நூலைப் பல்லால் கடித்து மூன்றையும் எடுத்துவிட்டு, இனி வாசியுங்கள் என்றேன்.

அடுத்த பாட்டில், தகரக் கூரைமேல் முதல் மழை இறங்குவதுபோல அது இறங்கியது. டிரம்முக்கு மேலே, சாக்ஸபோனுக்கு மேலே, நாலே நாலு ஆட்டு நரம்பு. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டு, யார் வாசிப்பது என்று தேடினார்கள். அண்ணன் தன் விரல்களை யாருடைய விரல்களோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு வாசித்தார். எங்கள் தொழிலில் இதற்குமேல் ஒரு நற்சான்று கிடைக்குமா தெரியவில்லை, பாண்டு மாஸ்டர் ஊதுவதை நிறுத்திவிட்டு, ஆல்பர்ட் அண்ணன் பக்கம் குனிந்து கேட்டுக்கொண்டார்: “கொஞ்சம் குறைச்சு வாசிப்பா ஆல்பர்ட், நான் ஊதுறது எனக்கே கேக்கலை.”