மேல்மடைக்காரர் போட்ட நங்கூரம்

கனடாவின் இந்த மேற்குக் கடலோரத்தில் தண்ணீர் நிற்பதற்காக மனிதர்கள் காத்திருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் வருவதற்காகக் காத்துக் கிடந்து வளர்ந்த எனக்கு இதைவிடப் பெரிய கேலிக்கூத்து இல்லை. இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு குறுகலான இடுக்கு. கடல் ஏறும்போது அதற்குள் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாயும், இறங்கும்போது மறுபக்கமாகப் பாயும், இடையில் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கடந்து போவதற்காகப் படகுகள் கும்பலாக வட்டமடிக்கின்றன. உள்ளே காப்பி குடிக்கிறார்கள், நாய்க்கு மிதவைச் சட்டை மாட்டுகிறார்கள். வீட்டில் மாளிகை மாதிரிக் குளியலறை வைத்திருப்பவர்கள், இங்கே வந்து அலமாரித் தட்டு அகலப் படுக்கையில் முடங்கி, கழிவறைக்குக் கையால் பம்ப் அடித்து, அதற்கு விடுமுறை என்று பேர் வைத்திருக்கிறார்கள். இவர்களைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்கும் படகு ஆசை பிடித்தது.

ஆசைப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். அதற்கு அவர் கண் வைத்தது என் வயல்மேல். பழனிசெட்டிபட்டிப் பக்கம் என் அப்பா எனக்கென்று எழுதிவைத்த நெல்வயல் அது. பக்கத்து வயல் அண்ணனுடையது, இரண்டையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். "தண்ணி எட்டிப் பாக்காத வயலு. அதை வச்சு பூசையா பண்ணப் போற? வித்துட்டா ஒரு போட்டு வாங்கிறலாம்" என்று என் வீட்டுக்காரர் தினமும் ஓதினார். அவருக்கு ஊர் கூடலூர். அணைத் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் முதலில் குடிப்பது அவர்கள் வயல்தான். அவர்களெல்லாம் குடித்து வழிந்த மிச்சம் மீதிதான் கடைமடையில் இருக்கும் எங்களுக்கு. பெண் பார்க்க வந்தபோதே அவருடைய அத்தை, "கடமடைப் பிள்ளையில்ல, கொஞ்சத் தண்ணில குடித்தனம் பண்ணப் பழகியிருக்கும்" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன். மேல்மடைக்காரர்களுக்குத் தாங்கள்தான் மழையைப் பெய்ய வைத்தோம் என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பை அவர் விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்திருந்தார்.

போன ஜூனில், விலை பேசியிருந்த படகை ஒரு சனி ஞாயிறு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். "ஒரு ராத்திரி தங்கிப் பாரு. அப்பறம் நீயே கையெழுத்துப் போடுவ" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். இணையத்தில் பரீட்சை எழுதிப் படகு ஓட்டும் அட்டை வாங்கிய மாலுமி. தலையில் தொப்பி வேறு. நண்பகல் வாக்கில் ஒரு தீவின் ஓரம் இருந்த குடாவில் ஒதுங்கினோம். அங்கே ஒரே ஒரு பழைய படகு நங்கூரம் போட்டு நின்றது. மேல்தட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை இடம் காலியாகக் கிடந்தது. இவர் நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்தார். அவர்களுக்கு மேலே, அவர்கள் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் நங்கூரத்தை இறக்கினார். "மேல இருக்கிறதுதேன் எப்பவும் நல்லது." கடல் ஏறும் இறங்கும் என்று பரீட்சையில் சரியாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் நங்கூரம் போட்டது கூடலூர்க் கை.

அந்த வெள்ளைக்காரர் எழுந்து வந்து, "மத்தியானத்துக்குப் பிறகும் இங்கேதான் இருப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "நாளை வரைக்கும்" என்றார். "ரொம்ப நல்லது" என்று சிரித்துவிட்டுப் போன மனிதர், தன் படகின் பக்கவாட்டில் ரப்பர் உருளைகளைக் கட்டித் தொங்கவிட ஆரம்பித்தார்.

"ஏங்க, அவுக எதுக்கு அதைக் கட்டுறாக?"

"நம்மளக் கிளப்பிவிடப் பாக்குறான். நா அசைவேனா?"

இந்த நாட்டுக்காரர்களுடைய மரியாதையைப் போல ஒரு கொடுமை கிடையாது. எங்கள் ஊரில் இப்படி ஒருவன் வந்து மறித்தால் மண்வெட்டியோடு வந்து நின்று நாலு வார்த்தை கேட்பார்கள், விஷயம் அங்கேயே விளங்கிவிடும். இவர்கள் ஆள் மூழ்கினாலும் நல்ல நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு, அவன் தலை இடித்துவிடாமல் தங்கள் படகுக்கு மெத்தை கட்டிக்கொள்வார்கள்.

சாப்பிட்டு முடித்தபோது தண்ணீர் திரும்பியது. இரண்டு படகுகளும் தங்கள் நங்கூரத்தைச் சுற்றி மெதுவாக மறுபக்கம் போயின. அவர்களுடைய சங்கிலி நீளம், இவருடைய கயிறு குட்டை. கடைசியில் அவர்கள் படகின் பின்புறம் எங்கள் நங்கூரத்துக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் அவர்களுக்குக் கீழே ஆகிவிட்டோம். அந்த அம்மாள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டினாள். நாலைந்து மக்ரோனித் துண்டுகள் எங்கள் படகை உரசிக்கொண்டு மிதந்துபோயின.

"நம்ம பக்கமே ஊத்துறா பாரு!" என்று இவர் குதித்தார்.

"கடமடைல இருந்தா அப்படித்தேன் வரும்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அத்தனை நிம்மதியாக நான் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

நகரச் சொல்லி இவர் கத்தினார். முதலில் நங்கூரம் போட்டவர்களுக்கே இடம் சொந்தம், பிந்தி வந்தவர்தான் விலக வேண்டும், அதுதான் இங்கே வழக்கம் என்று வெள்ளைக்காரர் அதே சிரிப்போடு சொன்னார். விலகவும் வழியில்லை, எங்கள் நங்கூரம் அவர்களுக்கு அடியில். சாயங்காலம் தண்ணீர் அடங்கியபிறகு அந்த மனிதரே தன் படகைக் கொஞ்சம் ஒதுக்கி, எங்கள் நங்கூரத்தை எடுக்கவிட்டார். நன்றி சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் இவரைக் கொன்றது. குடாவின் மறுகோடியில் போய் நின்றோம். தொப்பியைக் கழற்றிவிட்டு, "இந்தப் போட்டு சரியில்ல" என்றார். "எந்தப் போட்டும் வேணாம். வயலை விக்கமாட்டேன்" என்றேன். எனக்கு அப்படி ஒரு தெம்பு. சின்ன அடுப்பைப் பற்றவைத்து, உலை வைத்து அரிசி போட்டேன்.

அப்போதுதான் அண்ணன் போன் செய்தார். அவருக்கு அது காலை நேரம்.

"தண்ணி தொறந்துட்டாகத்தா. பிளாட் போடுறவுக ரெண்டு பேரு வயலையும் சேத்துக் கேக்குறாக. நாத்துப் பாவவா, இல்ல வித்துறலாமா?"

"விக்க வேணாம்ணே" என்றேன், இவர் காதில் விழட்டும் என்று உரக்கவே. "நாத்துப் பாவுங்க."

"எம்புள்ளைக திருப்பூர்ல இருக்குதுக. நீ அங்கன இருக்க. யாரு திங்கிறதுக்குத்தா?"

அண்ணன் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பாவுங்கண்ணே, பெறகு பேசுவோம்" என்று போனை வைத்துவிட்டு, பொங்கி வழிந்துகொண்டிருந்த தாய்லாந்து அரிசியை அடுப்பிலிருந்து இறக்கினேன்.