கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்ற காடு

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் புனிதா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஒன்பது வருடம் பெட்டி அடுக்கும் வரிசையில் நின்றாள். பிறகு அவளுடைய எழுத்துச் சுத்தத்தைப் பார்த்து மாடியில் இருந்த கொள்முதல் பிரிவுக்கு மாற்றினார்கள். மாவு, சீனி, பால்மாவு, செம்பனை எண்ணெய் என்று எது உள்ளே வந்தாலும் அதன் தாள்கள் அவள் மேசையைத் தாண்டித்தான் போயின. ஐம்பதை நெருங்கிய வயதில் அவளுக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்தார்கள். அந்த வேலைதான் அவளை அக்கா வீட்டு வாசலில் இருந்து விலக்கியது.

காட்டை அழித்த நிலத்தில் விளைந்த எண்ணெயை வாங்கமாட்டோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்து, அதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது. அச்சடித்த பிறகுதான் அது உண்மையா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் தோன்றியது. தொழிற்சாலைக்கு எண்ணெய் வருவது சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து. அங்கே வருவது பழம் பிழியும் ஆலைகளில் இருந்து. ஆலைக்குப் பழம் வருவது பெரிய தோட்டங்களில் இருந்தும், சிறு நிலக்காரர்களிடம் வாங்கி லோரியில் ஏற்றிவரும் டீலர்களிடம் இருந்தும். இந்த வழியை மரம் நிற்கும் மண்வரைக்கும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போவது புனிதாவின் பொறுப்பு. கூட ஃபர்ஹானா என்ற இளம் அதிகாரியைப் போட்டார்கள். பூச்சோங் ஊர்க்காரி, செயற்கைக்கோள் படங்களைப் படிக்கத் தெரிந்தவள்.

புனிதாவுக்குச் செம்பனை மேல் பகை எதுவும் கிடையாது. பிறந்ததே செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். அம்மா உதிரிப்பழம் பொறுக்கித்தான் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தாள். அப்பா முன்பே இறந்திருந்தார். புனிதாவின் பதின்மூன்றாவது வயதில் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது, அப்போதுதான் கல்யாணமாகி சுங்கை வேயில் குடியிருந்த அக்கா சூசனும் அவள் கணவர் கிளாரன்ஸும் அவளைத் தங்களிடம் கூட்டிக்கொண்டார்கள். கிளாரன்ஸ் லோரி ஓட்டுநர். காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். அவள் கல்யாணத்தன்று தகப்பன் இடத்தில் நின்று, மாதா கோயில் பீடம்வரை கைபிடித்து அழைத்துப் போனவரும் அவர்தான். அவர் பின்னாளில் சொந்த லோரிகள் வாங்கி, கிள்ளானில் வீடு கட்டி, பழம் வாங்கி விற்கும் டீலரும் ஆனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஃபர்ஹானா தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

“அக்கா, இந்த டீலர பாருங்க. இருபத்தெட்டு சின்ன நிலக்காரங்க பேர் கொடுத்திருக்காரு. எல்லாரையும் சேத்தாலும் இவ்ளோ பழம் வராது லா. மூணு மடங்கு வருது.”

பட்டியலின் தலையில் இருந்த பெயரைப் புனிதா படித்தாள். கிளாரன்ஸின் கம்பெனி. அக்காளின் மூத்த மகள் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்.

ஃபர்ஹானா அந்தப் பக்கத்து நிலத்தின் படங்களை வருடவாரியாக வரிசையாகத் திறந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் முழுக்கக் கரும்பச்சை. அடுத்த வருடம் நடுவே கோடு போட்டதுபோல் ஒரு கால்வாய். பிறகு பழுப்பாக ஒரு துண்டு. கடைசிப் படத்தில் அந்தத் துண்டில் செம்பனை வரிசைகள் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு புதிதாகப் பழுப்பாகியிருந்தது.

புனிதா எழுந்து போய்க் கொள்முதல் மேலாளர் சபாபதியிடம் விஷயத்தைச் சொன்னாள். டீலர் தன் அக்காள் கணவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாள்.

“அப்படின்னா நீ இதுல இருக்க வேணாம். ஃபர்ஹானா பாத்துக்கட்டும்,” என்றார் சபாபதி.

“அறிக்கைய அவ எழுதட்டும் சார். ஆனா நேர்ல போய்ப் பாக்க நானும் போறேன். பாக்காம எங்க அத்தான் மேல ஒரு வார்த்தை எழுதவிட மாட்டேன். பாத்த பிறகு மறைக்கவும் மாட்டேன்.”

இரண்டு மணி நேரப் பயணம். தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை, அதுவும் முடிந்த இடத்தில் கறுப்பு மண். அது ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் கரிச்சதுப்பு நிலம். பல ஆயிரம் வருடமாக இலையும் வேரும் தண்ணீருக்கடியில் மக்காமல் படிந்து உண்டான மண். தண்ணீர் நிற்கும்வரைக்கும் அது காட்டைத் தாங்கும். தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்து உள்வாங்கும். ஒரு பொறி விழுந்தால் அடியிலேயே எரியும்.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் செம்பனைகள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து நின்றன. மண் முழங்கால் அளவுக்கு இறங்கிப்போனதால் வேர்கள் வெளியே தெரிந்தன. இன்னும் தள்ளி, புதிதாகத் திறந்த துண்டில் ஒரு மரமும் இல்லை. கரிந்த அடிக்கட்டைகள் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. காலில் போட்டிருந்த சப்பாத்தின் அடி வழியாகச் சூடு ஏறுவதைப் புனிதா உணர்ந்தாள். ஃபர்ஹானா ஒரு குச்சியை மண்ணில் குத்தி எடுத்தாள். அந்த ஓட்டையில் இருந்து நூலாகப் புகை எழும்பியது. தீ எங்கேயும் கண்ணில் படவில்லை.

“வருஷா வருஷம் நம்ம வீட்டுக்கு வர்ற புகைமூட்டத்துல இதுவும் இருக்கும், இல்லையா?” என்றாள் புனிதா.

ஃபர்ஹானா குச்சியைப் போட்டுவிட்டு அந்த ஓட்டையைப் படம் எடுத்தாள்.

கால்வாயில் தண்ணீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் கடல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் காடு நின்றது. நெருக்கமாக, உயரமாக, உள்ளே இருட்டாக. குரங்குகள் ஓரத்து மரம்வரை வந்து, வெட்டவெளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கால்வாயை வெட்டியது ஒரு தனியார் நிலக் கம்பெனி. அவர்களிடம் முறையான அனுமதி இருந்தது. சட்டப்படி குற்றம் ஏதும் இல்லை. அவர்களுடைய பழத்தைச் சிறு நிலக்காரர்களின் பழத்தோடு கலந்து ஆலைக்குக் கொண்டுபோனவை கிளாரன்ஸின் லோரிகள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புனிதா அக்கா வீட்டுக்குப் போனாள். மேசையில் சாப்பாடு வைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

“அத்தான், அந்தக் கருப்பு மண்ணுப் பழத்த நீங்கதான் ஏத்துறீங்களா?”

கிளாரன்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை.

“ஏத்துறேன். காட்ட நான் வெட்டல புனிதா. பழம் வருது, வாங்குறேன். பழத்து மேல காடுன்னு எழுதியா இருக்கு?”

“பேர் பட்டியல்ல அந்த நிலத்தப் போடலியே அத்தான்.”

“போட்டா ஆலைக்காரன் வாங்கமாட்டான். நான் ஏத்தலன்னா வேற ஒருத்தன் ஏத்துவான் லா. அந்தக் காடு எப்படியும் போகும். போற காட்டுக்கு நான் ஏன் என் லோரிய நிறுத்தணும்?”

சூசன் சமையலறை வாசலில் வந்து நின்றாள். “என்னடி இது? இவர் மேலயா எழுதப்போற?”

“எழுதியாச்சு அக்கா. திங்கக்கெழம கொடுத்துடுவாங்க. என் வாயாலயே முன்னாடி சொல்லணும்னுதான் வந்தேன்.”

“உன்ன யாரு வளத்தா?”

புனிதா வாசல் பக்கம் திரும்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

அறிக்கையைப் படித்த சபாபதி ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். “அந்த ஆலைய லிஸ்ட்ல இருந்து வெட்டிடு. நம்ம எண்ணெய் சுத்தம். ஃபைல க்ளோஸ் பண்ணு.”

எல்லாரும் அதையே எதிர்பார்த்தார்கள். அக்காள் வீட்டையும் இழந்து எழுத வைத்த அறிக்கை இப்படி முடிவதைப் புனிதாவால் ஏற்க முடியவில்லை. கிளாரன்ஸ் சொன்னதில் பாதி சரி என்பது அவளை ராவெல்லாம் தூங்கவிடாமல் உறுத்தியிருந்தது.

“வெட்டினா நம்ம பாக்கெட்தான் சார் சுத்தமாகும். ஆலை அதே எண்ணெய வேற ஆளுக்கு விக்கும். கால்வா ஓடிக்கிட்டே இருக்கும். அந்தப் பக்கக் காடும் காஞ்சிடும். அந்த இருபத்தெட்டு பேர் ஒரு தப்பும் பண்ணல, அவங்க பழமும் விக்காம நிக்கும்.”

“பின்ன என்ன செய்யச் சொல்ற? நம்ம பிஸ்கட் கம்பெனி. காட்டிலாகா இல்ல.”

“ஆலைய விடக்கூடாது. புதுசா தெறந்த நிலத்துப் பழம் வேணாம், கால்வாய அடைக்கணும்னு சொல்லணும். நம்ம ஒரு கம்பெனி சொன்னா கேக்கமாட்டான். அவன்கிட்ட வாங்குற எல்லாரும் சொல்லணும்.”

சபாபதி கோப்பை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “கடிதம் எழுது. கையெழுத்து நான் போடுறேன். மத்தவங்க கையெழுத்து உன் பாடு,” என்றார்.

அதே ஆலையின் எண்ணெயைப் பயன்படுத்தும் உணவுக் கம்பெனிகளைத் தேடிப் பிடித்தாள். ஒரு மீ நூடுல்ஸ் தொழிற்சாலை, ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி, சுங்கை பூலோவில் முறுக்கும் மிக்சரும் செய்யும் ஒரு குடும்ப வியாபாரம், இன்னும் சில. சிலர் பதில் போடவில்லை. ஒருவர் போட்டிக் கம்பெனியோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவதா என்று கேட்டார். முறுக்குக்காரர்தான் முதலில் போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வர எட்டு மாதம் ஆனது.

அந்த எட்டு மாதத்துக்குள் வெயில்காலம் வந்தது. மண்ணுக்கடியில் புகைந்துகொண்டிருந்த நெருப்பு கால்வாயின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தது. காட்டில் ஐந்தில் ஒரு பங்கு மூன்று வாரத்தில் போனது. கிள்ளானில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். புனிதா முகக்கவசம் போட்டுக்கொண்டு அலுவலகம் போய், பதில் வராத கம்பெனிகளுக்கு மறுபடி எழுதினாள். ஃபர்ஹானா அனுப்பிய புதிய படத்தை அவள் ஒரு தடவைதான் பார்த்தாள்.

கடிதம் ஐந்து கையெழுத்துகளோடு போனபோது ஆலை இறங்கி வந்தது. புது நிலத்துப் பழத்தை நிறுத்தியது. வாங்க ஆள் இல்லாததால் நிலக் கம்பெனி மேற்கொண்டு வெட்டவில்லை, கால்வாயை அடைக்கவும் சம்மதித்தது. ஆலையும் உணவுக் கம்பெனிகளும் ஆளும் பலகையும் அனுப்பி, கால்வாயைப் பதினொரு இடத்தில் அடைத்தார்கள். ஃபர்ஹானா இருபத்தெட்டு நிலங்களின் எல்லைகளையும் நடந்து நடந்து வரைபடத்தில் ஏற்றினாள். அவர்களுடைய பழம் நேராக ஆலைக்கே போக ஆரம்பித்தது. நடுவில் டீலர் தேவைப்படவில்லை. கிளாரன்ஸ் லோரிகளை விற்றார்.

இரண்டு வருடம் கழித்து, உறவில் ஒரு பெரியவரின் இறுதிச் சடங்கில் கிளாரன்ஸைப் புனிதா பார்த்தாள். கோயிலுக்கு வெளியே சவ வண்டிக்குக் காத்திருந்தபோது அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். 

“அங்க தண்ணி நிக்குதாமே.”

“நிக்குது அத்தான். மாசா மாசம் போய் அளக்குறோம்.”

“எரிஞ்ச எடம்?”

“பெரணி வந்திருக்கு. மரம் வர நம்ம காலத்துக்குள்ள ஆகாது. மிச்சம் இருக்கறது நிக்குது.”

அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ அவர் முகத்தில் எதுவும் இல்லை. சற்றுத் தள்ளிப் பெண்கள் கூட்டத்தில் சூசன் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். புனிதா ஒரு எட்டு அந்தப் பக்கம் வைத்தாள். அக்கா நகரவும் இல்லை, திரும்பவும் இல்லை. சவப்பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். கிளாரன்ஸ் போய்த் தோள் கொடுத்தார். புனிதா மற்றவர்களோடு பின்னால் நடந்தாள்.